உள்ளதாகச் சொல்லப்படுவது

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஞாயிறு வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களை இப்போதே சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கும் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளே,

இம்மேடையில் பேராசிரியர்கள் பேசியிருக்கின்றனர், புலவர்கள் பேசியிருக்கின்றனர். ஞாயிறு வகுப்பை நடத்திவரும் நாங்கள் மூவரோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் பேனா பிடிக்கப் போனவர்கள். நாற்பது வயதைத் தாண்டியும் குமாஸ்தாக்களாகவே இருப்பவர்கள். பிள்ளைகளுக்குப் படித்ததை ஆராய்ந்து பார்க்கக் கற்பிப்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னபோது, அதற்கு நாங்களா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு எண்ணிப் பார்த்தோம். எங்கள் பிழைப்பே அதுதான். நாங்கள் மூவரும் இருப்பது சரக்கு இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கும் ‘கிளெயிம்ஸ்’ பிரிவு.

ரயிலில் சரக்கு அனுப்புவோருக்கு ரசீது ஒன்று தரப்படும். மூட்டைகள் ஏறும்போது ரயில்வே ஆள் நின்று எண்ணியிருந்தால், ரசீதில் எண்ணிக்கை வெறுமனே எழுதப்படும். அவர் எண்ணாமல், அனுப்புகிறவரே ஏற்றி முத்திரையிட்டிருந்தால், எண்ணிக்கைக்கு முன் ‘செட் டு கன்டெய்ன்’ என்ற சொற்கள் சேர்ந்துகொள்ளும். ‘உள்ளதாகச் சொல்லப்படுகிறது’ என்று பொருள். அங்கே 400 மூட்டை என்றிருந்தால் அந்த 400 ரயில்வேயின் வார்த்தை அன்று, அனுப்பியவரின் வார்த்தை. அவர் பொய்யர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. எண்ணியவர் யார் என்ற ஒரே கேள்விக்கு அது விடை. போய்ச் சேர்ந்த ஊரில் 380 மூட்டைதான் இருந்தது, 20 மூட்டைக்குப் பணம் தருக என்று மனு வந்தால், எங்கள் வேலை அந்தச் சொற்களிலிருந்து தொடங்கும். யார் எண்ணினார்? எப்போது எண்ணினார்? அவரைப் பாராமல் வேறொருவர் தனியாக எழுதிய புத்தகம் ஏதேனும் உண்டா? முத்திரை உடைந்திருந்ததா? எண்ணிக்கை கூடினால் யாருக்கு ஆதாயம்?

இவ்வளவும் அலுவலகத்தில். மாலை ஐந்தரைக்கு இந்தப் பழக்கத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அதனால் விளைந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

2024 ஜூன் மாதம் பாராசாத் பக்கத்தில் குழந்தை பிடிப்பவர்கள் திரிவதாக வதந்தி கிளம்பி, ஒரு பாவமும் அறியாதவர்கள் அடிபட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்த வதந்தி தமிழ் உடை உடுத்திக்கொண்டு எங்கள் காலனியின் வாட்ஸ்ஆப் குழுவிலும் நுழைந்தது. அந்நியர்கள் பையில் கருவிகளோடு தெருத் தெருவாக வருவார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்றிருந்தது. அதைப் படித்ததும் நாலு பேருக்கு அனுப்பியவர்களில் நாங்களும் இருந்தோம். யார் எண்ணினார், எப்போது எண்ணினார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அம்மி கொத்துகிறவர் ஒருவர் வந்தார். ‘ஷில் காட்டாவ்’ என்று நீட்டி முழக்கும் அந்தக் குரலை இந்த ஊரில் கேளாதவர் இல்லை. தோளில் பை, பைக்குள் சுத்தியும் உளிகளும். ஒரு சிறுவன் வேடிக்கை பார்க்க அவர் பின்னே நடந்தான். மாடியிலிருந்து யாரோ கூவினர். பத்து நிமிடத்தில் வாயிற் கதவு சாத்தப்பட்டது. எங்களில் இருவர் இடையே புகுந்து, அவரைக் காவலாளியின் அறையில் உட்கார வைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, அரை மணி நேரத்தில் அனுப்பிவைத்தோம். ஒருவரும் அவர்மேல் கை வைக்கவில்லை. இவ்வாறுதான் அந்த நிகழ்ச்சியை நாங்கள் அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவந்தோம்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது இன்னும் கொடியது. குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. அதிலிருந்த மூதாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் திரண்டது. அந்த அம்மையார் உயிரோடு திரும்பவில்லை. அங்கும் கைப்பேசிச் செய்திகள்தாம் முன்னதாக வந்து ஊரை ஆயத்தம் செய்து வைத்திருந்தன. நம் மொழியில் எழுதி, நம் மொழியில் படித்து, நம்மவர் செய்த கொலை அது.

ஆகவே ஞாயிறு வகுப்பில் எழுத்தும் இலக்கணமும் முடிந்தபின் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். முதல் மூன்று வாரம் உபதேசம் செய்தோம். கைப்பேசியில் வருவதை நம்பாதே, முன்பின் தெரியாதவர் சொல்வதை நம்பாதே என்றோம். மூன்றாம் வார முடிவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “அப்படியென்றால் எல்லாமே பொய்தானே, மாமா?” என்று மகிழ்ச்சியோடு கேட்டான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் நம்புகிற பிள்ளையை எப்படியேனும் திருத்திவிடலாம். ஒன்றையுமே நம்பாத பிள்ளை நாளடைவில் தனக்குப் பிடித்ததை மட்டும் நம்பத் தொடங்கும். எங்கள் பிரிவில் எல்லா மனுவையும் தள்ளுகிற குமாஸ்தாவும் இருப்பார். எல்லா மனுவையும் ஒப்புக்கொள்கிற குமாஸ்தாவும் இருப்பார். இருவருமே காகிதத்தைப் படிப்பதில்லை.

வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டாரே என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது தெரிகிறது. உண்மைதான். அந்தக் குறளை எங்கள் பிள்ளைகள் ஒப்பித்துப் பரிசும் வாங்கியிருக்கின்றனர். ஒப்பித்த மறுநாளே, நமது நாட்டுப்பண்ணை உலகின் தலைசிறந்த நாட்டுப்பண்ணாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தியை எங்களுக்கு அனுப்பியும் வைத்தனர். யுனெஸ்கோ அவ்வாறு அறிவித்ததே இல்லை; பல ஆண்டுகளுக்கு முன்பே மறுக்கப்பட்ட செய்தி அது.

வேறு நாட்டில் என்ன செய்திருக்கின்றனர் என்று தேடினோம். உகாண்டா நாட்டில் 2016ஆம் ஆண்டில் 120 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தியிருக்கின்றனர். இந்த மருந்து குணமாக்கும், அந்தப் பச்சிலை குணமாக்கும் என்று ஊரார் சொல்வதை எவ்வாறு எடை போடுவது என்று பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டு ஒன்பது பாடம் நடத்தினர். முடிவில் வைத்த தேர்வில், பாடம் கேட்ட பிள்ளைகளில் 100க்கு 69 பேர் தேறினர். கேளாதவர்களில் 27 பேரே தேறினர். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்திலும் 2018ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறிய வகுப்பு நடத்தியிருக்கின்றனர். உகாண்டாச் செய்தியில் எங்கள் மனத்தைத் தொட்டது மதிப்பெண் அன்று, கதை. உபதேசத்தை விட்டு ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு அதனையே மெதுவாகப் படிப்பது என்று முடிவு செய்தோம். கதைக்கு எங்கே போவது? எங்கள் அலுவலகத்தின் காலடியிலேயே கிடந்தது.

ஃபேர்லி பிளேசில் கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் இருக்கும் இடம் பழைய வில்லியம் கோட்டை நின்ற நிலம். மைதானத்தில் இன்று நாம் காணும் கோட்டை பிற்காலத்தது. 1756 ஜூன் 20ஆம் நாள் நவாப் சிராஜ் உத் தௌலா கைப்பற்றியது இந்தப் பழைய கோட்டையைத்தான். 1880களின் தொடக்கத்தில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே தன் அலுவலகத்தை எழுப்ப அடித்தளம் தோண்டியபோது, அக்கோட்டையின் சுவர்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றை அளந்து எழுதி வைத்தவர் ரோஸ்கெல் பெய்ன் என்ற ரயில்வே எஞ்சினியர். நம் இலாகாக்காரர் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு.

அந்தக் கோட்டையில்தான் ‘கல்கத்தா இருட்டறை’. காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த சரித்திரத் துணைநூல் ஒன்றில் அது நான்கு வரியில் இருந்தது. நவாப் 146 ஆங்கிலேயரைச் சிறிய அறையொன்றில் அடைத்தான். விடியும்போது 23 பேரே உயிரோடிருந்தனர். 123 பேர் மாண்டனர். இந்த நான்கு வரியைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். எங்கள் ரசீது வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தோம். எழுதியவர் தாமே கண்டது, எண்ணியது என்று தெரியாத ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் பென்சிலால் ‘சொ.’ என்று குறிக்க வேண்டும். ‘சொல்லப்படுகிறது’ என்பதன் சுருக்கம். பொய் என்று அதற்குப் பொருளில்லை என்பதைப் பலகையில் எழுதியே வைத்தோம்.

அந்த நான்கு வரியில் பதினொரு ‘சொ.’ விழுந்தன. அடுத்த கேள்வி, சொன்னவர் யார் என்பது. சொன்னவர் ஜான் ஜெஃபனையா ஹால்வெல். மருத்துவராக வந்து, கம்பெனியின் அதிகாரியாக உயர்ந்தவர். கவர்னர் டிரேக் முந்தின நாளே கப்பலேறிவிட்டதால் கடைசியில் கோட்டையைக் காத்து நின்றவர். அறைக்குள் இருந்து பிழைத்தவர். ஆகவே கண்ணால் கண்ட சாட்சி, அதை மறுப்பதற்கில்லை. 1757 பிப்ரவரி 28ஆம் நாள் கப்பலில் இங்கிலாந்து சென்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் எல்லாவற்றையும் விவரித்தார். அது 1758இல் நூலாக அச்சாயிற்று. உலகம் அறிந்த கதை அந்தக் கடிதத்தின் கதைதான். 1840இல் மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரை அதனைப் பள்ளிக்கூடம்தோறும் கொண்டு சேர்த்தது.

இங்கே ஒரு பையன், “பத்துப் புத்தகத்தில் 146 என்றே இருக்கிறதே, மாமா? பத்துப் பேரும் தவறா?” என்று கேட்டான். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு குமாஸ்தாவும் கேட்கிற கேள்வி அது. ஒரு பேரேட்டைப் பார்த்து எழுதிய பத்துப் பிரதிகள் பத்துப் பேரேடு ஆகிவிடா. பத்தும் எங்கிருந்து எடுத்தன என்று பின்னோக்கி நடந்தால் பெரும்பாலும் ஹால்வெல்லின் வாசலில் போய் நிற்கிறோம். அந்தக் காலத்துப் பாரசீக வரலாற்று ஆசிரியர் குலாம் ஹுசைன் கான் நவாபின் குறைகளை மறைத்தவர் அல்லர். அவருடைய பெருநூலில் இந்த இருட்டறை இடம்பெறவே இல்லை. அவர் சொல்லாததனால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று ஒரு பெண் கேட்டாள். ஆகாது என்றோம். அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

பிறகு அளவுக்கு வந்தோம். அறை 18 அடிக்கு 14 அடி 10 அங்குலம் என்பது பிற்கால நூல்கள் தரும் அளவு. சதுரம் 267 அடி. 146 ஆல் வகுத்தால் தலைக்கு 2 சதுர அடியும் இல்லை. போலாநாத் சந்திரர் என்ற வங்காள அறிஞர் அந்த அளவுக்கு மூங்கில் நட்டுக் குடியானவர்களை உள்ளே நிறுத்திப் பார்த்து, 146 பேர் அதில் அடங்கவே மாட்டார்கள் என்று முடிவு கட்டியதாகச் சொல்வர். படித்ததும் வகுப்பே துள்ளியது. “ஹால்வெல் பொய்யர்!” என்று தீர்ப்பு எழுதிவிட்டனர். பொறுங்கள், அங்கேயும் ‘சொ.’ உண்டே என்றோம். நாமே அளந்து பார்ப்போம் என்றாயிற்று.

146 பேருக்கு எங்கே போவது? இரண்டு பக்கத்தையும் பாதியாக்கினால் போதும் என்றான் ஒருவன். அப்படியானால் 73 பேர் வேண்டும் என்றான் மற்றொருவன். பாதிக்குப் பாதி கால் என்று விளங்கவைக்க எங்களுக்கு அரை மணி பிடித்தது. பொங்கல் விழா அன்று இதே மண்டபத்தில் 9 அடிக்கு 7 அடி 5 அங்குலம் என்று சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டனர். பெரியவர்களாகப் பார்த்து 36 பேரை உள்ளே நிற்கச் சொன்னோம். இங்கிருப்பவர்களில் பலர் அன்று நின்றவர்களே. நெருக்கம்தான். மாலை வேளைச் சியால்தா லோக்கல் எங்களுக்கு உடனே நினைவு வந்தது. ஆயினும் 36 பேரும் நின்றுவிட்டனர். ஹால்வெல்லைத் தூக்கிலிட வந்திருந்த பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது.

அப்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, “மாமா, எல்லாரையும் குந்தி உட்காரச் சொல்லுங்கள்” என்றாள். ஹால்வெல்லின் கடிதத்தில் அப்படி ஓரிடம் உண்டு. காற்று வரட்டும் என்று எல்லாரும் ஒருசேரக் குந்தி உட்கார்ந்து, பின் சொல் கொடுத்ததும் ஒருசேர எழுந்ததாகவும், இதைப் பலமுறை செய்ததாகவும், எழ முடியாமல் விழுந்தவர்கள் மிதிபட்டதாகவும் எழுதுகிறார். நாங்கள் உட்காரச் சொன்னோம். முடியவில்லை. ஒருவர் முழங்கால் மற்றொருவர் முதுகில் இடித்தது; ஒரு மாமியின் சேலைத் தலைப்பு யாருடைய காலடியிலோ சிக்கிக்கொண்டது; கட்டத்துக்கு வெளியே நாலைந்து பேர் சாய்ந்தனர்; ஒரே சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்” என்றாள். ஜூன் மாதத்து இரவு, கம்பியிட்ட இரண்டே சன்னல், தண்ணீர் கேட்டு அலறியவர்கள். எண்ணிக்கை எதுவாயினும் அங்கே மனிதர்கள் மூச்சுத் திணறி மாண்டிருக்கிறார்கள் என்பது அன்றுதான் வகுப்புக்கு உறைத்தது. எங்களுக்கும் உறைத்தது.

நிற்பது இயலும், உட்கார்ந்து எழுவது இயலாது. ஆகவே கடிதத்தில் ஏதோ ஓரிடம் பொருந்தவில்லை. எண்ணிக்கையா, உட்கார்ந்த கதையா? எங்கள் கட்டம் அதற்குமேல் சொல்லாது. கடிதங்களைத் தேடினால் இன்னொன்று கிடைத்தது. விடுதலையானதும் 1756 ஜூலையில் எழுதிய முதற் கடிதத்தில் அடைபட்டவர்கள் 165 முதல் 170 என்றும், பிழைத்தவர் 16 என்றும் ஹால்வெல் எழுதியிருக்கிறார். ஆகஸ்டு மாதத்தில், முன்னே கூட்டி எழுதிவிட்டேன், 146தான், இறந்தவர் 123 என்று திருத்துகிறார். இதை வைத்து ஒரு ஞாயிறு முழுவதும் சண்டை நடந்தது. எண்ணை மாற்றுகிறவர் பொய்யர் என்றது ஒரு கட்சி. தவறைத் தாமே திருத்துகிறவரைப் பொய்யர் என்பது தகுமா என்றது மற்றொரு கட்சி. நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம்: அந்த இரவில் வாயிலில் நின்று எண்ணியவர் யார்? யாருமில்லை. கோட்டையில் சண்டையில் மடிந்தவர், ஆற்றில் தப்பியவர், கணக்கில் வராதவர் எல்லாரும் பின்னால் கூட்டிப் பார்க்கும்போது அந்த அறைக்குள் சேர்ந்திருக்கலாம். அறை முழுவதும் ‘செட் டு கன்டெய்ன்’.

அறிஞர்களும் இதே சண்டையைப் போட்டவர்களே. 1898இல் அட்சய குமார் மைத்ரேயர் வங்காளியில் எழுதிய சிராஜ் வரலாற்றில் இதனை மறுத்தார். ஜே. எச். லிட்டில் என்ற ஆங்கிலேயரே 1915இல் ஹால்வெல்லின் வாய்மையைக் கேள்விக்கு உட்படுத்தினார். மறு ஆண்டு மார்ச்சில் கல்கத்தா சரித்திரச் சங்கத்தார் இதற்கென்றே கூட்டம் கூட்டி விவாதித்தனர். 1959இல் பிரிஜென் குப்தா எல்லா ஏடுகளையும் ஒப்பிட்டு, அடைபட்டவர் ஏறக்குறைய 64, பிழைத்தவர் 21 என்று கணக்கிட்டார். இன்று பெரும்பாலோர் எடுத்துக்காட்டும் கணக்கு இதுவே.

எங்களை மிகவும் வியக்க வைத்தது வேறு. நவாப் இதைக் கட்டளையிட்டான் என்று கடிதத்தில் எங்கே இருக்கிறது, கோடிட்டு வாருங்கள் என்று வீட்டுப் பாடம் கொடுத்திருந்தோம். ஒருவரும் கோடிடாமல் வந்தனர். ஏன் என்றால், இல்லை என்றனர். உண்மையில் ஹால்வெல், இரவு காவலில் வைக்க மட்டுமே நவாப் சொல்லியிருக்க வேண்டும், கீழே இருந்த ஜமேதார்கள்தாம் பழி தீர்த்துக்கொண்டார்கள் என்றே எழுதுகிறார். துணைநூலில் ‘நவாப் அடைத்தான்’ என்ற இரண்டு சொற்கள் நடுவழியில் ஏறிக்கொண்ட மூட்டை. அனுப்பியவர் எண்ணிக்கையிலேயே அது இல்லை.

பூஜை விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஃபேர்லி பிளேசிலிருந்து நடந்தோம். பெரிய தபால் நிலையத்தின் படிகளில் பழைய கோட்டையின் மூலையைக் காட்டும் பித்தளைக் கோடுகளைத் தேடிப் பார்த்தனர். அங்கிருந்து செயின்ட் ஜான் தேவாலயத் தோட்டம். ஹால்வெல் தம் செலவில் எழுப்பிய நினைவுச்சின்னம் 1821இல் இடிக்கப்பட்டது. அதன் பிரதியைச் சலவைக்கல்லில் கர்சன் பிரபு 1902இல் டல்ஹவுசி சதுக்கத்தில் நிறுத்தினார். 1940 ஜூலையில் அதை அகற்றக் கோரிச் சுபாஷ் சந்திர போஸ் போராட்டம் அறிவித்துச் சிறை சென்றார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்றனர். அரசு இணங்கி, தூணைப் பெயர்த்துத் தேவாலயத் தோட்டத்தில் கொண்டு வைத்தது. இன்றும் அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் தூணைச் சுற்றிவந்து பெயர்களை எண்ணினர். 123க்கு எண்ணிக்கை வரவில்லை. ஒருவன் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். கல்லில் எழுதக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டோம்.

இதுவரை அயலார் சொன்னது. நம்மவர் சொன்னதைத் தொட்டபோதுதான் எங்களுக்கு ஏச்சு விழுந்தது. கீழடி 20,000 ஆண்டுப் பழமையுடையது என்றொரு செய்தி குழுவில் வந்தது. பிள்ளைகள் ‘சொ.’ போட்டுவிட்டனர். பெரியவர் ஒருவர், நாங்கள் மதிக்கும் பெரியவர், வகுப்புக்கே வந்து, “நம் பெருமையையே சந்தேகிக்கக் கற்றுத் தருகிறீர்களா, தம்பி?” என்று கேட்டார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினோம். கீழடிக் குழிகளில் எடுத்த ஆறு கரித்துண்டுகள் அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்று கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று முடிவு வந்தது. ஆழம் இருக்கிறது, துண்டின் எண்ணிக்கை இருக்கிறது, அளந்தவர் யார் என்பது இருக்கிறது. அதிலும் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் அது எண்ணி ஏற்றிய சரக்கு. 20,000 என்பதற்கோ ரசீதே இல்லை. பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்து, “2,600 ஆண்டே போதாதா என்ன?” என்று சொல்லி எழுந்து போனார். அடுத்த வாரம் முதல் தமக்கு வரும் செய்திகளைப் பிள்ளைகளிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார். எங்களுக்கு அவர் செய்த பேருதவி அது.

செயலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு மலரில், விழாவிற்கு 500 பேர் வந்திருந்தனர் என்று அச்சாகியிருந்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலி 300 என்பது வரவு செலவுக் கணக்கில் அதே மலரின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நின்றவர்களும் உண்டு என்று செயலாளர் சொல்கிறார். பிள்ளைகள் இன்று வாயிலில் நோட்டும் கையுமாக நின்றது அதற்காகத்தான். இப்போது மண்டபத்தில் 284 பேர்.

தாய் தந்தையரிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டில் பிள்ளை, “உனக்கு யார் சொன்னார், அப்பா?” என்று கேட்டால் அதை அவமரியாதையாகக் கொள்ளாதீர்கள். தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு நேர்ந்ததை நாங்களே சொல்லிவிடுகிறோம்.

வகுப்பு தொடங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அம்மி கொத்துகிறவரை நாங்கள் காப்பாற்றியதையும் சொல்லிவந்தோம் அல்லவா? ஆண்டு மலருக்காக அதனை எழுதிக் கொடுத்தோம். சரிபார்க்கச் சொன்ன அந்த எட்டாம் வகுப்புப் பெண், ‘ஒருவரும் அவர்மேல் கை வைக்கவில்லை’ என்ற வரியின் ஓரத்தில் ‘சொ.’ என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “நாங்கள் அங்கே இருந்தோமே, அம்மா!” என்றோம். “நீங்கள் வருவதற்கு முன்னே பத்து நிமிடம் இருந்ததே, மாமா. அவரிடம் கேட்டீர்களா?” என்றாள்.

கேட்கவில்லை. எவருமே கேட்கவில்லை.

கேட்டு வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. மற்ற அம்மி கொத்துகிறவர்களிடம் விசாரித்து, ரயிலடிக்கு அப்பாலுள்ள குடிசைப் பகுதியில் அவரைக் கண்டோம். முதலில் எங்களைக் கண்டு அஞ்சினார். பிறகு, “இரண்டு அறை விழுந்தது, பாபு. அது போகட்டும். உளி ஒன்று போய்விட்டது; நல்ல உளி” என்றார். அந்தப் பெண் அவர் சொன்னதையும் நாங்கள் சொன்னதையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டுக்கும் ‘சொ.’ என்றே போட்டாள். நியாயம்தான். திரும்பி வந்து காவலாளியின் அறையைத் துழாவியதில், முக்காலிக்கு அடியில், குடைகளுக்குப் பின்னால் ஓர் உளி கிடைத்தது. கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது.

மறு ஞாயிறு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, துருவைக் கட்டைவிரலால் தேய்த்தார். எங்கள் காலனிப் பக்கம் வருமாறு அழைத்தோம், சரி என்றார். இதுவரை வரவில்லை.